அளவுக்கம்பியும் அதன் அளவும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியமும் இசையும் முழங்குவதே வழக்கம். அவ்வாறிருக்க, எண்ணெய்க் கறை படிந்த கைகளையுடைய என்னை அழைத்து, "பழைய கார் வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும்படி ஏதேனும் பேசுங்கள்" என்று செயலாளர் பணித்தபோது நான் சற்றுத் தயங்கினேன். ஆனால் நம் குடியிருப்பில் இன்றும் சில அம்பாசடர்களும், ஒன்றிரண்டு பியட் கார்களும், ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டும் உயிரோடிருக்கின்றன. அவை வெறும் இரும்பல்ல. தந்தையாரும் பாட்டனாரும் தமிழ்நாட்டிலிருந்து இந்த ஜாம்ஷெட்பூருக்கு வந்து, எஃகு உலையின் வெப்பத்தில் உழைத்துச் சேர்த்த பொருளில் வாங்கியவை. அவற்றைக் காப்பது பிள்ளைகளாகிய நம் கடமை. ஆதலின், அக்காப்பின் முதற்பாடமாகிய ஒன்றை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். எஞ்சினில் எண்ணெய் எவ்வளவு இருக்க வேண்டும், அதை எவ்வாறு அறிவது என்பதே அது.

இதிற் பேச என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணலாம். கம்பியை உருவிப் பார்த்தால் தெரிந்துவிடுகிறதே என்பார்கள். நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் எண்ணினேன். அந்த எண்ணம் எங்கள் குடும்பத்துக்கு என்ன விலை வைத்தது என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன். முதலில் எண்ணெயின் வேலையைப் பார்ப்போம்.

மாட்டுவண்டியின் அச்சுக்கு மை இடுவதை நம் பெரியவர்கள் அறிவார்கள். மை இல்லாத அச்சு கிறீச்சிடும், சூடேறும், தேயும். மோட்டார் எஞ்சினிலும் இதே கதைதான். ஆயின் அங்கே அச்சு நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுழல்கிறது. கிராங்க் தண்டும் அதைத் தாங்கும் பேரிங்கும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஓடுவதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அவை தொடுவதில்லை. தலைமயிரினும் மெல்லிய ஓர் எண்ணெய்ப் படலம் இரண்டையும் பிரித்து நிற்கிறது. அப்படலம் நிற்கும் வரையில் எஞ்சின் பல்லாண்டு வாழும். அது அறுந்த சில நொடிகளில் உலோகம் உலோகத்தைக் கடித்துவிடும்.

எண்ணெய் தங்குவது எஞ்சினின் அடியிலுள்ள சம்ப் என்னும் தொட்டியில். அங்கிருந்து ஒரு பம்பு அதை உறிஞ்சி, பில்டர் வழியாக மேலே அனுப்புகிறது. தன் வேலையை முடித்த எண்ணெய் மீண்டும் சொட்டுச் சொட்டாகத் தொட்டிக்கே திரும்புகிறது. மசகிடுவது மட்டுமன்று, வெப்பத்தைச் சுமந்து செல்வதும், அழுக்கைக் கழுவுவதும், துருவைத் தடுப்பதும் அதன் தொழிலே. நம் கொல்லையில் விளையும் ஆமணக்குக்கும் இதில் ஒரு பங்குண்டு. 1899-இல் லண்டனில் சார்லஸ் வேக்ஃபீல்டு என்பவர் தொடங்கிய நிறுவனம், விளக்கெண்ணெய் கலந்த எஞ்சின் எண்ணெயை உருவாக்கிய பின்னரே, ஆமணக்கின் ஆங்கிலப் பெயரையொட்டிக் காஸ்ட்ரால் என்னும் பெயர் பிறந்தது.

எண்ணெய் குறைந்தால் என்ன நேரும்? சமதளத்தில் மெதுவாகச் செல்லும்போது ஒன்றும் தெரியாது. மலையேறும்போதும், வளைவில் திரும்பும்போதும், திடீரென நிறுத்தும்போதும் தொட்டியிலுள்ள எண்ணெய் ஒரு பக்கமாகச் சாயும். அப்போது பம்பின் வாய் எண்ணெயை விட்டுக் காற்றை உறிஞ்சும். அழுத்தம் வீழும். எதிரேயுள்ள சிவப்பு விளக்கு மின்னி மறையும். அந்த ஒரு மின்னல் எஞ்சின் நம்மிடம் இடும் ஓலம்.

அப்படியானால் மிகுதியாக ஊற்றிவிட்டால் நல்லதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. விருந்தினர் இலையில் நெய்யைத் தாராளமாக ஊற்றும் நம் கைகளுக்கு இது இயல்பான எண்ணமே. ஆனால் மயிலிறகே யாயினும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று எச்சரித்தவர் நம் வள்ளுவர். எண்ணெய் மிகுந்தால், சுழலும் கிராங்க் தண்டு அதைத் தயிரைக் கடைவதுபோல் கடையும். நுரை எழும். நுரை என்பது காற்று. காற்று பேரிங்கைத் தாங்காது. மேலும், மிகுந்த எண்ணெய் பிஸ்டன் வளையங்களைக் கடந்து எரிந்து நீலப்புகையாய் வெளிவரும்; பிளக்குகள் கறுக்கும். அம்பாசடர் போன்ற பழைய எஞ்சின்களில் கிராங்க் தண்டின் பின்முனையிலுள்ள தடுப்பு, இன்றைய கார்களின் ரப்பர் வளையம் போல் இறுக்கமானதன்று. எனவே மிகுந்த எண்ணெய் அவ்வழியே கசிந்து கிளச்சையும் நனைக்கும். குறைவும் நோய், மிகையும் நோய்.

இனிப் பார்க்கும் முறையைச் சொல்கிறேன். இளைஞர்கள் மனத்திற் பதித்துக்கொள்ளுங்கள்.

காரைச் சமதளத்தில் நிறுத்துக. நம் குடியிருப்பின் வீடுகளுக்கு முன்னுள்ள சரிவான நடைவழி இதற்கு உதவாது. எஞ்சினை நிறுத்திய உடனே பார்க்கலாகாது. மேலே ஏறிய எண்ணெய் இறங்கி வரப் பத்து நிமிடமாவது ஆகும். உடனே பார்த்தால் குறைவாகக் காட்டும், அதைக் கண்டு நாம் மேலும் ஊற்றுவோம், மிகையாகிவிடும். காலையில், எஞ்சினைத் தொடங்குவதற்கு முன் பார்ப்பதே பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு எளிய வழி. காரின் கையேடு சூடான நிலையில் பார்க்கச் சொன்னால் அதன்படியே செய்க. எம்முறையாயினும், எப்போதும் ஒரே முறையைக் கைக்கொள்வது முக்கியம்.

முதன்முறை உருவும் கம்பியை நம்பாதீர்கள். ஓட்டத்தில் தெறித்த எண்ணெய் அதன் மீது படிந்திருக்கும். நூல் பிரியாத தூய துணியால் துடைத்து, மீண்டும் அடிவரை அழுத்திச் செருகி, சில நொடி கழித்து உருவுங்கள். இரு பக்கத்தையும் பாருங்கள். ஒரு பக்கம் மேலாகவும் மறுபக்கம் கீழாகவும் காட்டினால், கீழ்க்கோடே மெய்யானது. மற்றது குழாயின் சுவரில் உரசியதால் வந்தது. புதிய எண்ணெய் நீர்போல் தெளிந்திருப்பதால் கண்ணுக்குப் புலப்படுவது அரிது. கம்பியை ஒரு செய்தித்தாளின் மீது வைத்து எடுத்தால், தாளில் ஊறிய கறை எல்லையைக் காட்டிவிடும்.

கம்பியில் இரண்டு குறிகள் இருக்கும். மேற்குறிக்கும் கீழ்க்குறிக்கும் இடையில் எண்ணெய் நிற்க வேண்டும். நெடும்பயணத்துக்கு மேற்குறியை ஒட்டி நிற்பது நன்று; அதைத் தாண்டுவது தீது. ஊற்ற வேண்டுமாயின் கால் லிட்டர் ஊற்றுக, ஐந்து நிமிடம் பொறுக்க, மீண்டும் பார்க்க. பொறுமை இல்லாதவன் கையில் எண்ணெய்க் குவளையைக் கொடுக்கலாகாது.

எல்லா எஞ்சினுக்கும் இது பொருந்துமா என்று கேட்பீர்கள். எண்ணெயைத் தனிக்கலத்தில் வைத்திருக்கும் எஞ்சின்களும் உண்டு. பழைய மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் இவ்வமைப்பு காணப்படும். நெடுநாள் நின்றுவிட்டால் அக்கலத்து எண்ணெய் மெல்லக் கசிந்து எஞ்சினின் அடிக்கு இறங்கிவிடும். கலம் குறைவாகக் காட்டும். அவற்றைச் சிறிது ஓட்டிய பின்னரே பார்க்க வேண்டும்.

எண்ணெய்ப்படி குறைவதைக் கண்டு கவலைப்படுபவர்கள் பலர். குறையாமலிருப்பதையும், ஏறுவதையும் கண்டு கவலைப்படுபவர்கள் சிலரே. பழைய எஞ்சின் சிறிது எண்ணெயைக் குடிப்பது இயற்கை. அது திடீரெனக் குடிப்பதை நிறுத்தினால் மகிழ்ந்துவிடாதீர்கள். கம்பியை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் மணம் வீசினால், எஞ்சினோடு பொருத்திய பெட்ரோல் பம்பின் உள்தோல் கிழிந்து, பெட்ரோல் தொட்டிக்குள் இறங்குகிறது என்று பொருள். பார்வைக்கு அளவு நிறைந்திருக்கும். ஆனால் எண்ணெய் நீர்த்துப் படலம் தாங்காது. தீப்பிடிக்கும் இடரும் உண்டு. அக்காரை ஓட்டாமல், பம்பைச் சீர்செய்து, எண்ணெயை முழுதும் மாற்ற வேண்டும். எண்ணெய் வெண்ணெய்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. குளிர்காலத்தில் சந்தை வரை மட்டும் சென்று திரும்பும் காரின் மூடியில் சிறிது வெண்மை படிவதுண்டு. அது நீராவி குளிர்ந்ததால் வருவது. ஆனால் ரேடியேட்டரிலும் தண்ணீர் குறைந்து, கம்பியிலும் வெண்மை தெரிந்தால், ஹெட் காஸ்கெட்டை ஐயுறுவது அறிவுடைமை.

இவ்வளவும் ஏட்டில் கிடைக்கும் செய்திகள். ஏட்டில் கிடைக்காத ஒன்றைச் சொல்லவே நான் இங்கு வந்தேன்.

என் தந்தையார் இவ்வூர் ஆலையில் உழைத்து ஓய்வு பெற்றவர். 1968-இல் உத்தரபாடாவில் செய்யப்பட்ட அம்பாசடர் ஒன்றை, இரண்டாவது கையாக வாங்கினார். 1986-இல் அதன் எஞ்சின் தளர்ந்துவிட, வேறொரு காரிலிருந்து கழற்றிய எஞ்சினை ஒரு பட்டறையில் பொருத்தினோம். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஞாயிறுதோறும் கம்பியை உருவிப் பார்ப்பேன். எண்ணெய் எப்போதும் மேற்குறியருகே நிற்கும். "அப்பா, எண்ணெய் நிறைவாக இருக்கிறது" என்று பெருமையோடு சொல்வேன். அவரும் தலையசைப்பார்.

1987 டிசம்பரில் என் தங்கைக்கு ராஞ்சியில் வங்கி வேலைக்கான நேர்முகத் தேர்வு. அன்று இது பீகார் மாநிலம். விடியுமுன் பனியில் புறப்பட்டோம். தந்தையார், தாயார், தங்கை, நான். புண்டுவைத் தாண்டி, தைமாரா மலைப்பாதையின் வளைவுகளில் ஏறும்போது சிவப்பு விளக்கு மின்னியது. தந்தையார் கேட்டார். "கம்பி நிறைவு காட்டுகிறது அப்பா, விளக்கின் ஒயர்தான் தளர்ந்திருக்கும்" என்றேன். அடுத்த வளைவில் மீண்டும் மின்னியது. நான் நிறுத்தவில்லை. மூன்றாவது வளைவுக்குப் பின் எஞ்சினின் அடியிலிருந்து ஓர் ஓசை எழுந்தது. சம்மட்டியால் மெல்லத் தட்டுவது போன்ற அவ்வோசையைக் கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள்.

காரை ஓரங்கட்டினோம். அவ்வழியே வந்த பேருந்தில் தாயாரும் தங்கையும் ஏறிச் சென்றார்கள். தங்கை உரிய நேரத்துக்குச் சேர்ந்துவிட்டாள் என்பது இறைவன் அருள். தந்தையாரும் நானும் காரோடு நின்றோம். பின்னர் ஒரு லாரியில் கட்டியிழுத்துப் புண்டுவுக்குத் திரும்பினோம். அங்கே முதிய மெக்கானிக் ஒருவர் எண்ணெயை வடித்துப் பால் அளக்கும் குவளையால் அளந்தார். மூன்று லிட்டருக்கும் குறைவு! கம்பியோ அதற்குச் சற்று முன் நிறைவு என்று காட்டியது. பெரியவர் கம்பியைத் தம் பட்டறையிலிருந்த வேறோர் அம்பாசடர்க் கம்பியோடு சேர்த்துப் பிடித்தார். எங்கள் கம்பி ஒரு விரற்கடை நீளமாயிருந்தது. அது வேறேதோ எஞ்சினுக்குரியது. நீளம் மிகுந்த கம்பி தொட்டியில் ஆழமாக இறங்கும்; ஆதலின் குறைந்த எண்ணெயும் மேற்குறியைத் தொடும். ஓராண்டாக நான் ஒரு பொய்யனைக் கேட்டு நடந்திருக்கிறேன்!

கிராங்க் தண்டைக் கடைந்து, பேரிங்குகளை மாற்ற வேண்டியதாயிற்று. ஊரில் ஒழுகிக்கொண்டிருந்த எங்கள் வீட்டுக் கூரையை மாற்ற வைத்திருந்த பணம் அதில் கரைந்தது. அவ்வாண்டு மழையில் பாட்டியார் பாத்திரங்களை ஏந்திக்கொண்டு அறைக்கு அறை நடந்தார் என்று கடிதம் வந்தது. தந்தையார் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: "எண்ணெயை அளந்தாய், சரி. அளவுகோலை அளந்தாயா?"

அன்பர்களே, நம் பழைய கார்களுள் எஞ்சின் மாறாதவை எத்தனை? சம்ப் மாறாதவை எத்தனை? கம்பி தொலைந்து, பழஞ்சாமான் கடையில் ஏதோ ஒன்றை வாங்கிச் செருகியவை எத்தனை? குழாய் ஆழமாய் இறங்கியிருக்கலாம். கம்பியின் தோள் தேய்ந்திருக்கலாம். எனவே கம்பியின் மெய்ம்மையைச் சோதிக்கும் முறையைக் கேளுங்கள்.

முதலில் கையேட்டில் எண்ணெயின் கொள்ளளவைப் பாருங்கள். இங்கே இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, அவ்வளவு பில்டருக்கும் சேர்த்துச் சொன்னதா, தனியாகச் சொன்னதா என்பது. மற்றொன்று பைன்ட் என்னும் அளவை. பிரிட்டிஷ் பைன்ட் 0.568 லிட்டர், அமெரிக்க பைன்ட் 0.473 லிட்டர். எட்டு பைன்ட் என்றால் பிரிட்டிஷ் கணக்கில் ஏறத்தாழ 4.55 லிட்டர், அமெரிக்கக் கணக்கில் 3.79 லிட்டரே. முக்கால் லிட்டர் வேறுபாடு! அம்பாசடர் பிரிட்டிஷ் மாரிஸ் ஆக்ஸ்போர்டின் வழிவந்தது. ஹெரால்டும் பிரிட்டிஷ் மரபே. அமெரிக்க ஜீப்பின் ஏட்டைப் படிப்பவர்கள் விழிப்பாயிருக்க வேண்டும்.

பிறகு எஞ்சினைச் சூடாக்கி, சமதளத்தில் நிறுத்தி, அடித்திருகைக் கழற்றிப் பழைய எண்ணெயைச் சொட்டு நிற்கும் வரை வடியுங்கள். சூடான எண்ணெய் கையைச் சுடும், கவனம். புதிய பில்டரைப் பொருத்தித் திருகை மூடுங்கள். இரு குறிகளுக்கும் இடையிலுள்ள அளவைக் கையேடு ஒரு லிட்டர் என்று சொன்னால், முழு அளவில் ஒரு லிட்டர் குறைத்து, கோடிட்ட அளவைக் குவளையால் அளந்து ஊற்றுங்கள். எஞ்சினைத் தொடங்கி, சிவப்பு விளக்கு அணைந்ததைப் பார்த்து, வேகம் கூட்டாமல் சில நிமிடம் ஓடவிடுங்கள். பில்டர் நிறைந்துவிடும். நிறுத்திப் பத்து நிமிடம் பொறுத்துக் கம்பியைத் துடைத்துச் செருகி உருவுங்கள். எண்ணெய் தொட்ட இடமே மெய்யான கீழ்க்குறி. எஞ்சிய ஒரு லிட்டரையும் ஊற்றி, மீண்டும் பொறுத்துப் பாருங்கள். அதுவே மெய்யான மேற்குறி. பழைய குறிகளோடு இவை பொருந்தினால் கம்பி நேர்மையானது. பொருந்தாவிடில் அரத்தால் மெல்லிய கோடுகள் இடுங்கள். ஆழமாய் அறுத்தால் கம்பி பின்னர் முறியலாம். பழைய குறிகளைத் தேய்த்து அழித்துவிடுங்கள்; ஒரு கம்பியில் இரண்டு வாக்கு இருத்தல் கூடாது. குறிகளின் இடைவெளியைக் கையேடு சொல்லாவிட்டால், முழு அளவையும் ஊற்றி மேற்குறியை மட்டும் இட்டு, எண்ணெயை எப்போதும் அதனருகே வைத்துக்கொள்ளுங்கள். சம்ப்பே வேறு வடிவில் மாற்றப்பட்டிருந்தால் ஏட்டுக் கணக்கு செல்லாது; அனுபவமுள்ள மெக்கானிக்கை அணுகுங்கள்.

அளவு மிகுந்துவிட்டால், கம்பி செல்லும் குழாய் வழியே மெல்லிய குழலைவிட்டுச் சிறு கைப்பம்பால் உறிஞ்சி எடுக்கலாம். வாயால் உறிஞ்சுவது ஒருபோதும் கூடாது. வடித்த பழைய எண்ணெயைச் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டாதீர்கள். அது நீரைக் கெடுக்கும், தோலுக்கும் நஞ்சு. மூடிய கலத்தில் சேர்த்து, கழிவெண்ணெய் பெறுவோரிடம் ஒப்படையுங்கள். கைகளைச் சோப்பினால் கழுவுங்கள்.

எண்ணெயின் வகையைப் பற்றியும் ஒரு சொல். பழைய எஞ்சின்களுக்குப் பெரும்பாலும் 20டபிள்யூ-50 என்னும் தடிப்புள்ள எண்ணெய் ஏற்றது. இன்றைய புதுக்கார்களுக்குரிய மிக மெல்லிய எண்ணெய் இவற்றின் அகன்ற இடைவெளிகளில் அழுத்தம் தாங்காது. ஒரு சிறு குறிப்பேடு வைத்து, ஊற்றிய நாள், கிலோமீட்டர், அளவு ஆகியவற்றை எழுதி வாருங்கள். இரவில் காரின் அடியில் ஒரு செய்தித்தாளை விரித்து வைத்தால், கசிவு எங்கே என்பது காலையில் தெரிந்துவிடும்.

உத்தரபாடாவில் அம்பாசடர் செய்வது 2014-இல் நின்றுவிட்டது. பம்பாயின் கறுப்பு மஞ்சள் பத்மினி டாக்சிகள் 2023-இல் விடைபெற்றன. எஞ்சியவை நம் போன்றோர் வீட்டு வாசலில் நிற்பவைதாம். அவற்றுக்கு உதிரிப்பாகங்கள் அருகி வருகின்றன. ஒரு கிராங்க் தண்டு கெட்டால் மற்றொன்று தேடுவது எளிதன்று; ஆதலின் ஞாயிற்றுக்கிழமையின் பத்து நிமிடம் சிறு செலவே.

இதோ, என் கையிலுள்ள கம்பியைப் பாருங்கள். புண்டுவிலிருந்து திரும்பிய பின், புதிய கம்பி வாங்கலாம் என்றேன். தந்தையார் இணங்கவில்லை. மேலே நான் சொன்ன முறையிலேயே அளந்து, இக்கம்பியிலேயே அரத்தால் இரண்டு கோடுகள் இட்டார். பழைய கோடுகளைத் தேய்த்த தழும்பு இன்னும் தெரிகிறது. அவர் 2009-இல் மறைந்தார். அவர் இட்ட கோடுகள் முப்பது ஆண்டுக்கு மேலாகப் பிழையாதிருக்கின்றன. அந்தக் கார் இன்று வெளியே நிற்கிறது. ராஞ்சி வங்கியில் வேலை பெற்று, அண்மையில் ஓய்வு பெற்ற என் தங்கை அதில்தான் இவ்விழாவுக்கு வந்திருக்கிறாள்.

விழா முடிந்ததும் இளைஞர்கள் வாருங்கள். கம்பியை உருவிப் பார்க்கலாம். ஆனால் இன்னும் பத்து நிமிடம் பொறுக்க வேண்டும், எண்ணெய் இறங்கட்டும்.